மோட்டார் வண்டியில் மின்பொறியின் பாதை

பெட்ரோலில் இயங்கும் மோட்டார் வண்டியின் ஆற்றல் சிறியதொரு மின்பொறியிலிருந்து பிறக்கின்றது. அப்பொறிக்கான மின்சாரத்தை உரிய உருளைக்குக் கொண்டு சேர்ப்பது விரற்பருமன்கூட இல்லாத ஓர் ஒயரேயாகும். தீப்பொறிச் செருகியாகிய ஸ்பார்க் பிளக்கோடு இணைவதால் இதனைத் தொழிலறிந்தோர் 'பிளக் ஒயர்' என்பர். இதன் பாதை பிழைபட்டால் வண்டியின் இயக்கமே பிழைபடும். அஃது எங்ஙனம் என்பதை அம்பாசிடர் வண்டியைக் கொண்டு காண்போம்.

பிரிட்டனின் மோரிஸ் ஆக்ஸ்போர்டைத் தழுவி, மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் உருவான அம்பாசிடரின் உற்பத்தி 2014-இல் நின்றுபோயிற்று. எனினும் அதன் பழைய பெட்ரோல் எஞ்சின் மாணவர்க்கு இன்றும் நல்லதொரு பாடமாகும்.

பேட்டரி தருவது 12 வோல்ட் மட்டுமே. காயில் அதனைப் பல்லாயிரம் வோல்ட்டாக உயர்த்துகின்றது. அம்மின்சாரம் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் நடுவே புகுகின்றது. உள்ளே சுழலும் ரோட்டர் அதனை நான்கு ஒயர்களுக்கும் முறைவைத்துப் பங்கிடுகின்றது. எஞ்சின் நிமிடத்திற்கு 3000 முறை சுழலும்போது, நொடிக்கு 100 பொறிகள் எழுகின்றன.

இம்முறை 1, 2, 3, 4 என அமைவதன்று. 1, 3, 4, 2 என்பதாகும். ரேடியேட்டரை அடுத்திருப்பது முதல் உருளை. மூடியில் அதற்குரிய இடத்தை அறிந்து, ரோட்டர் சுழலும் திசையிலேயே ஏனைய ஒயர்களைப் பொருத்துதல் வேண்டும். இரண்டு ஒயர்கள் இடம் மாறினாலும் எஞ்சின் குலுங்கும்; புகைக்குழாயில் வெடியோசை எழும்.

வரிசை சரியாக இருப்பினும் பாதை தவறலாம். அடுத்தடுத்து நிற்கும் 3, 4 ஆகிய உருளைகள் அடுத்தடுத்தே பொறி பெறுவன. 2, 1 ஆகியவையும் அவ்வாறே. இவற்றின் ஒயர்கள் நெடுந்தூரம் ஒட்டிச் சென்றால், ஒன்றில் பாயும் மின்னோட்டம் மற்றொன்றிலும் மின்னழுத்தத்தைத் தூண்டும். மூன்றாம் உருளை பொறி பெறும் வேளையில், நான்காம் உருளை எரிபொருட் கலவையை உள்வாங்கி, அதனை அழுத்தத் தொடங்கும் நிலையில் இருக்கும். அழுத்தம் குறைந்த இடத்தில் பொறி எளிதில் தாவுமாதலின், கலவை காலத்திற்கு முன்பே பற்றிக்கொள்ளும், பிஸ்டன் அடிபடும். எனவே ஒயர்களைப் பிரிப்புக் கிளிப்புகளால் விலக்கி வைத்தல் வேண்டும்; குறுக்கிட நேர்ந்தால் செங்குத்தாகக் கடக்கச் செய்தல் வேண்டும். புகைபோக்கியின் வெப்பமும், கூரிய உலோக விளிம்பும், சுழலும் விசிறியும் அவற்றைத் தீண்டலாகாது.

பராமரிப்பும் எளிதே. எஞ்சினை நிறுத்தி ஆறவிட்ட பின்னரே ஒயரைத் தொடுதல் வேண்டும். ஒயரைப் பற்றி இழுத்தால் உள்ளிழை அறும். முனையிலுள்ள ரப்பர் உறையைப் பிடித்து, சற்றே திருகிக் கழற்றுக. ஒரு நேரத்தில் ஓர் ஒயரையே கழற்றினால் வரிசை குழம்பாது. எண்ணெய்ப் பிசுக்கை உலர்ந்த துணியால் துடைத்து, வெடிப்பும் முனைக் களிம்பும் உண்டா எனப் பார்க்க. இருளில் எஞ்சினை இயக்கி, கைபடாது விலகி நின்று நோக்கினால், மின்கசிவு நீலநிற ஒளியாய்த் தோன்றும். பழுதுற்றவற்றை நான்கும் ஒருசேர மாற்றுவதே நன்று.

பொறி தவறிய உருளையில் பெட்ரோல் எரியாமலே வெளியேறுகின்றது. பொருளும் வீண், காற்றும் மாசு. பலர் இக்குறைக்குக் கார்புரேட்டரைப் பழித்து, அதனைப் பிரித்துப் பெருஞ்செலவு செய்வர். முதலில் ஒயரை நோக்குதல் அறிவுடைமை. வாடகை வண்டியோட்டி வாழ்வோர்க்கு இச்சிறு கவனம் ஒரு நாளைய வருவாயைக் காக்கும்.

இன்றைய வண்டிகள் பலவற்றில் ஒவ்வொரு பிளக்கின் மீதும் தனிக் காயில் அமர்ந்திருப்பதால் இவ்வொயர்கள் மறைந்து வருகின்றன. ஆயினும் சாலையில் எஞ்சியுள்ள பழைய வண்டிகள் இவற்றை நம்பியே ஓடுகின்றன. நம் பொறுப்பில் உள்ள பொருளை அமானிதமெனப் பேணி, வீண்விரயம் தவிர்ப்பது நம் கடமை. அக்கடமை மோட்டார் வண்டியின் மெல்லிய ஒயருக்கும் பொருந்தும்.