அரசுப் பள்ளியிலிருந்து மருத்துவக் கல்லூரிக்கு: 7.5 சதவீதத்தின் கணக்கு

150 எம்பிபிஎஸ் இடங்கள் உள்ள ஓர் அரசு மருத்துவக் கல்லூரி. அதில் 15 சதவீதம் அகில இந்திய ஒதுக்கீட்டுக்குப் போய்விடும். மிஞ்சுவது 127 அல்லது 128. அந்த மிச்சத்தில் 7.5 சதவீதம் என்றால் ஒன்பது, பத்துப் பேர். ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியிலேயே படித்த பிள்ளைகளுக்கு 2020-ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு கல்லூரியில் ஒதுக்கித் தருவது இவ்வளவுதான்.

சின்ன எண்தான். ஆனால் அதற்கு முந்தைய ஆண்டில், மாநிலம் முழுவதும் அரசு ஒதுக்கீட்டில் எம்பிபிஎஸ் சேர்ந்த அரசுப் பள்ளி மாணவர்களைக் கைவிரல் விட்டே எண்ணிவிடலாம். சட்டம் வந்த ஆண்டிலேயே பல் மருத்துவத்தையும் சேர்த்து அவர்களுக்கு ஏறத்தாழ 400 இடங்கள் கிடைத்தன. 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட 11 புதிய அரசு மருத்துவக் கல்லூரிகளின் 1,450 இடங்களும் கைகொடுக்க, பின்னர் அது 600-ஐத் தாண்டியது. இடையில் பிள்ளைகளின் திறமை ஒன்றும் மாறிவிடவில்லை. யாரோடு யாரை ஒப்பிடுவது என்பதுதான் மாறியது.

முன்பு ஏன் இத்தனை குறைவு? 'நீட்' என்று ஒரே சொல்லில் பதில் சொல்பவர்கள் உண்டு. அது பாதிதான் சரி. தொழிற்கல்விக்கான நுழைவுத் தேர்வை 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் தமிழ்நாடு ரத்து செய்தது. அதன்பின் பத்தாண்டு காலம் பிளஸ் டூ மதிப்பெண்ணே எல்லாவற்றையும் தீர்மானித்தது. அப்போதும் அரசுப் பள்ளியிலிருந்து ஆண்டுக்குச் சில பத்துப் பேர்தான் மருத்துவம் படிக்கப் போனார்கள். நாமக்கல் வட்டாரத்தில் தொடங்கி மாநிலமெங்கும் பரவிய தனியார் விடுதிப் பள்ளிகள், பிளஸ் ஒன் பாடத்தைப் பெயருக்குத் தொட்டுவிட்டு, பிளஸ் டூ பாடத்தையே இரண்டு ஆண்டுகள் நடத்தின. காலையில் ஒரு தேர்வு, இரவில் ஒரு தேர்வு. அரசுப் பள்ளி மாணவருக்கோ அதே பாடத்துக்கு ஓராண்டுதான். அந்த ஓராண்டிலும் உயிரியல் ஆசிரியர் இடம் காலியாகக் கிடந்தால் கேட்கவே வேண்டாம்.

பிளஸ் ஒன் பாடத்தைத் தாண்டும் இந்த வழக்கத்தைத் தடுக்கத்தான் 2017-18-இல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்தது. 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கை அதை எடுத்துவிட்டது. மூன்று ஆண்டுகள் தொடர்ந்து பொதுத்தேர்வு எழுதும் பாரம் குறையும் என்பது நியாயமான காரணம்தான். ஆனால் பிளஸ் ஒன் பாடத்தைத் தாண்டிக் குதிக்கும் பழைய வழக்கம் திரும்பி வராமலிருக்க வேறு என்ன காவல் என்ற கேள்வி இன்னும் நிற்கிறது.

2017-இல் நீட் வந்தபோது இடைவெளியின் தன்மை மாறியது. அதன் பாதிப்பை ஆராய்ந்த நீதிபதி ஏ.கே.ராஜன் குழு 2021-இல் அளித்த அறிக்கையில் ஓர் எண் கண்ணில் அறைகிறது. 2016-17-இல் மருத்துவம் சேர்ந்தவர்களில் முந்தைய ஆண்டுகளில் பிளஸ் டூ முடித்தவர்கள் 12.47 சதவீதம். 2020-21-இல் 71.42 சதவீதம். அதாவது, பள்ளி முடித்த பிறகு ஓராண்டோ இரண்டாண்டோ வேறு வேலை இல்லாமல் உட்கார்ந்து படிக்க முடிந்தவர்களுக்கே பெரும்பாலும் இடம். கூலி வேலை செய்யும் வீட்டில் அந்த ஓராண்டுக்குப் பயிற்சிக் கட்டணம், விடுதிச் செலவு, பிள்ளை சம்பாதித்திருக்கக்கூடிய பணம் என மூன்று விலை. பெண் பிள்ளை என்றால், "சும்மாதானே இருக்கிறாள், ஒரு வரன் பார்த்துவிடலாம்" என்ற பேச்சு நான்காவது விலை. அரசும் 412 மையங்களில் இலவசப் பயிற்சி தருவதாக அறிவித்தது. ஆனால் வார இறுதி வகுப்பு, ஆண்டு முழுவதும் நடக்கும் பயிற்சிக்கு ஈடாகாது.

இந்தப் பின்னணியில்தான் நீதிபதி பி.கலையரசன் ஆணையம் 2020-இல் தன் பரிந்துரையைத் தந்தது. ஆணையம் சொன்னது 10 சதவீதம். அரசு ஏற்றது 7.5. செப்டம்பரில் சட்டமன்றம் மசோதாவை நிறைவேற்றியது. ஆளுநரின் ஒப்புதல் இழுத்துக்கொண்டே போக, அக்டோபர் 29-இல் அரசு தனியே ஓர் ஆணை பிறப்பித்தது. மறுநாளே ஒப்புதல் வந்தது. நவம்பரில் கலந்தாய்வு.

இந்த ஒதுக்கீடு 69 சதவீத இடஒதுக்கீட்டில் கை வைப்பதில்லை. ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் உள் ஒதுக்கீடாக நிற்கிறது. மாநிலத்தின் பங்கில் 1,000 இடங்கள் என்றால், மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 20 சதவீதப்படி 200. அதில் 7.5 சதவீதமான 15 இடங்கள், அதே பிரிவைச் சேர்ந்த அரசுப் பள்ளி மாணவர்களுக்கு. பொதுப் பிரிவில் தொடங்கி மற்ற பிரிவுகளுக்கும் இதே கணக்கு. நீட் தகுதி மதிப்பெண்ணில் சலுகை எதுவும் இல்லை. அதைத் தாண்டியவர்கள் மட்டுமே இந்தப் பட்டியலில் வருவார்கள்.

முதல் ஆண்டில் பெரிய இடி கட்டண வடிவில் விழுந்தது. தனியார் கல்லூரிகளின் அரசு ஒதுக்கீட்டு இடங்களும் இதில் அடக்கம். அங்கே கட்டணம் லட்சங்களில். கலந்தாய்வில் பெயர் கூப்பிட்டு, முன்னால் இருக்கும் திரையில் இடம் தெரிந்தும், "எங்களால் கட்ட முடியாது" என்று சில குடும்பங்கள் எழுந்து போயின. அதன் பிறகே, சுழல் நிதி வைத்து அரசே கட்டணத்தைச் செலுத்தும் என்ற அறிவிப்பு வந்தது. அதற்குள் இடத்தை விட்டவர்கள் நீதிமன்றம் ஏற வேண்டியதாயிற்று. ஒதுக்கீட்டை யோசித்தவர்கள் கட்டணத்தையும் அன்றே யோசித்திருக்க வேண்டும். இந்தப் பாடம் அடுத்த ஆண்டு உதவியது: 2021-இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகிய படிப்புகளுக்கும் 7.5 சதவீதம் விரிந்தபோது, கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் மூன்றையும் அரசே ஏற்பதாக முதலிலேயே சொல்லிவிட்டது.

சட்டத்தை எதிர்த்த வழக்குகளில் 2022 ஏப்ரல் 7-இல் சென்னை உயர் நீதிமன்றம் ஒதுக்கீடு செல்லும் என்று தீர்ப்பளித்தது. கூடவே, ஐந்தாண்டுக்குள் மறுஆய்வு செய்ய வேண்டும், அதற்குள் அரசுப் பள்ளிகளின் தரத்தை உயர்த்த வேண்டும் என்றும் சொன்னது.

அரசு உதவிபெறும் பள்ளிகள் இதில் இல்லை என்பது தீராத மனக்குறை. கன்னியாகுமரி, தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கம் பல ஊர்களில் ஏழைப் பிள்ளைக்கு அருகில் இருப்பதே உதவிபெறும் பள்ளிதான். பீடி சுற்றும் தாயின் மகள் தெருமுனைப் பள்ளியில் படித்ததற்காக இந்த வரிசையில் நிற்க முடியாது. உயர்கல்வி சேரும் மாணவியருக்கு மாதம் ரூ.1,000 தரும் புதுமைப்பெண் திட்டமும் முதலில் அரசுப் பள்ளிக்கு மட்டுமே இருந்தது. பின்னர் உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் விரிந்தது. மருத்துவ ஒதுக்கீட்டில் அந்த விரிவு ஏன் கூடாது என்பதற்கு வலுவான காரணம் இல்லை. அப்படி விரித்தால், 7.5 என்ற அளவையும் சேர்த்தே உயர்த்த வேண்டும். இல்லாவிட்டால் ஓர் ஏழையின் இடம் இன்னோர் ஏழைக்குப் போகும்.

நீதிமன்றம் கேட்ட மறுஆய்வு வெறும் எண்ணிக்கையோடு நிற்கக் கூடாது. இடம் பெற்றவர்கள் எந்தெந்த ஒன்றியத்துப் பள்ளிகளிலிருந்து வந்தார்கள், எத்தனையாவது முயற்சியில் வந்தார்கள், தமிழ்வழியில் படித்துவிட்டு முதலாண்டு உடற்கூறியலை ஆங்கிலத்தில் எதிர்கொண்டபோது யார் தோற்றார்கள், அவர்களுக்குத் தனி வகுப்பு எடுத்த கல்லூரிகள் எவை என்பதையும் அரசு பெயர் மறைத்துப் பொதுவில் வைக்க வேண்டும். பிளஸ் டூவில் உயிரியல் பிரிவே இல்லாத அரசுப் பள்ளிகளின் பட்டியலும் அதே அறிக்கையில் இருக்க வேண்டும்.