நாற்பதாயிரம் சுற்றும் ஒரு சொட்டு எண்ணெயும்

மன்னார்குடியில் தண்ணீருக்குக் குறைவில்லை, பொம்மைப் படகு விடத்தான் இடமில்லை. ஹரித்ராநதி தெப்பக்குளம் ஏறத்தாழ 23 ஏக்கர். ஆனால் ஆனி மாதம் ராஜகோபாலப் பெருமாள் தெப்பத்தில் உலா வரும் குளத்தில் ரிமோட் படகை இறக்கினால் படித்துறைப் பெரியவர்கள் சும்மா இருக்க மாட்டார்கள். வடுவூர் ஏரியோ பறவைகள் சரணாலயம். பாமணியாற்றில் மேட்டூர்த் தண்ணீர் வந்து சேரும்வரை மணல், வந்தபின் வெங்காயத்தாமரை. இத்தனையும் பார்த்துவிட்டு என் அக்கா மகன் ஊருக்கு வெளியே ஒரு குட்டையைப் பிடித்து வைத்திருக்கிறான். முக்கால் மீட்டர் நீளப் படகு, உள்ளே கைக்குள் அடங்கும் மோட்டார். விசையை அழுத்தினால் பாதி தண்ணீரிலும் பாதி காற்றிலுமாகப் பாய்கிறது. மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை அது அலற ஆரம்பித்தது. பேரிங் போய்விட்டது.

"மாமா, செராமிக் பேரிங் போட்டுடலாமா? ஸ்பீடும் ஏறும்ல?"

ஏறாது என்று சொன்னேன். நம்பவில்லை. அவனுக்குச் சொன்ன கணக்கைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

ரேடியோ அலையால் படகை ஓட்டுவது புதுச் சங்கதி அல்ல. 1898-லேயே நிகோலா டெஸ்லா நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் தொட்டித் தண்ணீரில் அப்படி ஒரு படகை ஓட்டிக் காட்டினார். அது மெதுவாகப் போன படகு, பேரிங்கைப் பற்றி அவர் கவலைப்பட்டிருக்க மாட்டார். கவலை வந்தது பிரஷ்லெஸ் மோட்டாரோடும் லித்தியம் பேட்டரியோடும். இந்த மோட்டார்களின் மேல் 'கேவி' என்று ஓர் எண் இருக்கும். ஒரு வோல்ட்டுக்கு எத்தனை சுற்று என்பது அதன் பொருள். 1800 கேவி மோட்டாருக்கு 22.2 வோல்ட் பேட்டரியைக் கொடுத்தால், சுமை இல்லாத நிலையில் நிமிடத்துக்கு 40,000 சுற்றை நெருங்கும். வீட்டுச் சீலிங் ஃபேன் முழு வேகத்தில் சுற்றுவது 350 சொச்சம். ஃபேன் ஒரு தடவை சுற்றி வருவதற்குள் படகின் ஷாஃப்ட் நூறு தடவைக்கு மேல் சுற்றிவிடுகிறது.

அந்த ஷாஃப்ட்டைத் தாங்குவது ஒரு சட்டைப் பொத்தான் அளவு பேரிங். உள் விட்டம் 5 மில்லிமீட்டர், வெளி விட்டம் 11, தடிமன் 4. உள்ளே இருக்கும் குண்டுகள் கடுகைவிடச் சற்றுப் பெரியவை. சைக்கிள் கடையில் பால்ரஸ் என்பார்களே, அதேதான், உருவம்தான் சிறுத்துப் போயிருக்கிறது. ஷாஃப்ட் 40,000 சுற்று போகும்போது குண்டுகள் தங்கள் பாதையில் சுமார் 16,000 சுற்று வருகின்றன. கவணில் வைத்த கல் வெளியே இழுப்பதுபோல ஒவ்வொரு குண்டும் வெளி வளையத்தை அழுத்துகிறது. 2 மில்லிமீட்டர் எஃகுக் குண்டுக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தேன்: தன் எடையைப் போல ஆயிரம் மடங்குக்கு மேல்.

செராமிக் பேரிங்கின் பெருமை இங்கேதான் தொடங்குகிறது. அதில் குண்டு மட்டும் சிலிக்கன் நைட்ரைடு, வளையங்கள் பழைய எஃகு. சிலிக்கன் நைட்ரைடின் அடர்த்தி எஃகில் ஐந்தில் இரண்டு பங்கு. அதனால் அந்த வெளியழுத்தமும் ஐந்தில் இரண்டு பங்காகக் குறையும். கடினமோ எஃகைப்போல் இரு மடங்கு. சூடு குறைவு, தேய்மானம் குறைவு. இதையெல்லாம் மறுக்கவில்லை.

ஆனால் வேகம்? தண்ணீரைக் கிழித்துப் போகும் பொருளுக்குத் தடை ஏறக்குறைய வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். அந்தத் தடையை வெல்லும் சக்தி வேகத்தின் கனத்தில் வேண்டும். வேகம் இரட்டிக்க எட்டு மடங்கு சக்தி. மோட்டார் 1,000 வாட் தருகிறது, நல்ல பேரிங் அதில் 10 வாட்டை மிச்சப்படுத்துகிறது என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். 60 கிலோமீட்டர் வேகத்தில் போன படகு 60.2 கிலோமீட்டரில் போகும். குட்டையில் ஒரு தவளை குறுக்கே நீந்தினால் அந்தப் புள்ளி இரண்டும் போச்சு. பேரிங் மாற்றுவது படகை வேகமாக்க உதவாது, இருக்கும் வேகத்தில் அதிக நாள் ஓட வைக்க உதவும். பெட்டியின் மேல் அச்சடிக்கும் ஏபெக் எண்ணுக்கும் இதே கதை. அது வளையம் எவ்வளவு துல்லியமாகக் கடையப்பட்டது என்பதற்கான தரம். துருப்பிடிக்குமா, தண்ணீர் புகுமா என்று அது சொல்வதில்லை.

படகின் பேரிங்கைக் கொல்வது தண்ணீர்தான், அதுவும் நாம் நினைக்கும் வழியில் அல்ல. ஓடும்போது பேரிங் சூடாகி உள்ளே இருக்கும் காற்று விரிந்து கொஞ்சம் வெளியே போகிறது. படகு நின்றதும் குளிர்ந்த தண்ணீர் பட்டுக் காற்று சுருங்குகிறது. அந்த வெற்றிடத்தை நிரப்பத் தகட்டு மூடியின் இடுக்கு வழியே ஈரத்தை உள்ளே உறிஞ்சுகிறது. ஓடும்போதைவிட ஓடி முடித்த பிறகே தண்ணீர் குடிக்கிறது! வழக்கமான பேரிங் எஃகு இரண்டே நாளில் துருப் புள்ளி வைக்கும். குண்டு செராமிக் ஆனாலும் வளையம் எஃகுதானே, அது துருப்பிடித்த பிறகு குண்டு பளபளவென்று இருந்து என்ன பயன்? என் மருமகனின் பழைய பேரிங்கைப் பிரித்தபோது உள்ளே காப்பித்தூள் நிறத்தில் ஒரு களிம்புதான் இருந்தது.

ஆகவே முதலில் மாற்ற வேண்டியது குண்டை அல்ல, மூடியை. தகட்டு மூடி ஷாஃப்ட் பக்கத்து வளையத்தைத் தொடாது, மயிரிழை இடைவெளி விடும். ரப்பர் சீல் தொடும். தொடுவதால் உராய்வு கொஞ்சம் கூடும், சூடும் கூடும். அதனால் முழு வேகத்துக்கு அது ஒத்துவராது என்பவர்களும் உண்டு. வாரம் ஒருநாள் படகு விடுகிறவனுக்கு அந்த இழப்பு ஒரு பொருட்டே இல்லை. வளையம் 440சி என்னும் துருப்பிடிக்காத எஃகாக இருந்தால் இன்னும் நல்லது. இது சாதாரண பேரிங் எஃகைவிட ஒரு பிடி மென்மைதான். ஆனாலும் குட்டைத் தண்ணீரில் அதற்குத்தான் என் ஓட்டு.

மோட்டாரிலிருந்து பின்னால் போவோம். சுழற்சியை விசிறிக்குக் கொண்டுபோவது முறுக்கிய எஃகுக் கம்பிகளால் ஆன வளையும் ஷாஃப்ட். பித்தளைக் குழாய்க்குள், அதனுள் டெஃப்லான் குழாய்க்குள் அது ஓடுகிறது. முத்துப்பேட்டை அலையாத்திப் பக்கம் ஃபைபர் படகுகளின் பின்னால் நீண்ட வாலாகக் குழாயும் அதனுள் ஷாஃப்ட்டும் நுனியில் விசிறியுமாக இஞ்சின் நிற்பதைப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. இது அதன் கைக்குழந்தை. குழாயின் கடைசியில், தண்ணீருக்குள்ளேயே இருக்கும் தாங்கியில், சிலர் 'முன்னேற்றம்' என்று அங்கேயும் குண்டு பேரிங்கை அடிக்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை.

காரணம் நம் வண்டல். வயலுக்குச் சோறு போடும் அதே மண் பேரிங்குக்கு அரம். மாவு போன்ற துகள் குண்டுக்கும் பாதைக்கும் நடுவில் சிக்கினால் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு பள்ளம் விழும். குண்டு ஒரு புள்ளியில்தான் தொடுகிறது, எல்லாப் பாரமும் அந்தப் புள்ளியில். குண்டே இல்லாத வெறும் வளையத் தாங்கியான புஷ் அப்படியல்ல, அது ஷாஃப்ட்டைச் சுற்றி அணைத்துப் பிடிக்கிறது, பாரம் பரவுகிறது. பழைய கட்டை வண்டியில் பேரிங் ஏது? இருசைச் சுற்றிச் சக்கரத்தின் குடம் உரசிக்கொண்டே சுழன்றது. நடுவில் வைக்கோல் கரியும் விளக்கெண்ணெயும் குழைத்த மை. சேற்றிலும் புழுதியிலும் அது தலைமுறை தலைமுறையாக ஓடியது. வண்டி அச்சுக்குக் குண்டு பேரிங் என்ற யோசனைக்கு வேல்ஸ் நாட்டு பிலிப் வான் 1794-லேயே காப்புரிமை வாங்கிவிட்டார். நம் பக்கம் அது மாட்டு வண்டிக்கு டயர் வந்த பிறகுதான் வந்தது.

கப்பல்காரர்களும் இந்த வழியில்தான் போனார்கள். பின் விசிறி வைத்த முதல் நீராவிக் கப்பல்களில் பித்தளைத் தாங்கிகள் கண்மூடித் திறப்பதற்குள் தேய்ந்தன. 1854-ல் ஜான் பென் என்ற இங்கிலாந்துப் பொறியாளர் அங்கே லிக்னம் வீட்டே என்னும் மரத்தை வைத்தார். கரீபியன் பக்கத்து மரம், தண்ணீரில் மிதக்காது, தன் பிசினே தனக்கு எண்ணெய். மசகாகக் கடல் தண்ணீரே போதும். பிற்பாடு ரப்பர் வந்தது. மணல் கலந்த நீரில் ரப்பர் கொஞ்சம் அமுங்கி, துகளைத் தன் காடி வழியே உருட்டி வெளியே தள்ளிவிடும். மாடல் படகில் அந்த வேலையைச் செய்வது காரீயமும் டெஃப்லானும் கலந்த புஷ். விலையும் குறைவு. தேய்ந்தால் விரலால் ஷாஃப்ட்டை ஆட்டிப் பார்த்தாலே தெரியும், மாற்றிவிடலாம்.

விசிறிக்கும் இந்தத் தாங்கிக்கும் இடையில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் இடைவெளி விட வேண்டும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. முறுக்குக் கம்பி பாரம் ஏறும்போது இறுகி நீளத்தில் குறைகிறது. இடைவெளி இல்லையென்றால் விசிறியின் பிடி தாங்கியில் போய் இடித்து உரசும். விட்டால் விசிறியின் தள்ளுவிசை முழுவதும் ஷாஃப்ட் வழியாக மோட்டார் பேரிங்கில் வந்து உட்காரும். பக்கவாட்டுப் பாரத்துக்காகச் செய்த பேரிங் இந்த நேர்த்தள்ளலையும் சேர்த்துச் சுமக்கிறது. இதில் ஒரு கொடி வெங்காயத்தாமரை வேர் விசிறியில் சுற்றிக்கொண்டால் கேட்கவே வேண்டாம். எங்கள் படகு அலறியதில் துருவோடு இதற்கும் பங்கு இருக்கும்.

எண்ணெய் விஷயத்தில் நம்மூர்க் கை தாராளம். பம்புசெட் பேரிங்கில் கிரீஸைக் கட்டைவிரலால் அழுத்தி அழுத்தி நிரப்புவதைப் பார்த்திருப்பீர்கள். 40,000 சுற்றில் அப்படிச் செய்தால் குண்டுகள் கிரீஸைக் கடைந்தே சூடாகிவிடும். உள்ளிடத்தில் மூன்றில் ஒரு பங்கு போதும். மோட்டார் பேரிங்குக்குத் தையல் மிஷின் எண்ணெய் போன்ற மெல்லிய எண்ணெய் ஒரு சொட்டு, ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும். கெட்டியான, தண்ணீரில் கரையாத கிரீஸ் வளையும் ஷாஃப்ட்டுக்குத்தான். டபிள்யூடி-40 அடித்துவிட்டு எண்ணெய் போட்டாயிற்று என்று நினைக்க வேண்டாம். அந்தப் பெயரே தண்ணீரை விலக்குவது என்பதன் சுருக்கம், அதுவும் நாற்பதாவது முயற்சியில் கிடைத்தது. ஈரத்தை விரட்ட அதை அடித்து, துடைத்து, பிறகு எண்ணெய்.

பேரிங்கைச் சென்னையிலிருந்து வரவழைக்கச் சொல்லியிருக்கிறோம், ரப்பர் சீல், 440சி. பழையதைச் சும்மா எங்கள் தெரு சைக்கிள் கடைக்காரரிடம் காட்டினோம். அவர் அதை மண்ணெண்ணெயில் அலசி, விரல் நுனியில் மாட்டிச் சுற்றிவிட்டு, காதோடு வைத்துக் கேட்டார். "தம்பி, ஓடி முடிச்சதும் ஷாஃப்ட்டக் கழட்டித் துடைச்சியா?" என்றார். அவன் என்னைப் பார்த்தான்.