வாரம் 15 மணி நேரம்

லிண்டா ஃப்ரைட் அமெரிக்க முதியோர் நல மருத்துவர். இளம் மருத்துவராக இருந்த காலத்தில், தன்னிடம் வந்த பெரியவர்கள் பலருக்கு மூட்டுவலியையும் ரத்த அழுத்தத்தையும் தாண்டிய தொல்லை ஒன்று இருப்பதை அவர் கண்டுகொண்டார். காலையில் எழுந்திருக்க அவர்களுக்கு ஒரு காரணம் இல்லை. மனத்துக்குப் பிடித்த, நாலு பேருக்குப் பயன்படுகிற வேலை ஏதாவது தேடிக்கொள்ளுங்கள் என்று மருந்துச் சீட்டோடு சேர்த்துச் சொல்லி அனுப்புவார். அவர்களும் தேடுவார்கள். அடுத்த முறை வரும்போது, அப்படி ஓர் இடம் அகப்படவில்லை என்பார்கள். நோயாளிக்கு ஒரு மருந்தை எழுதிக் கொடுத்துவிட்டு, அந்த மருந்து எந்தக் கடையிலும் இல்லை என்று தெரிந்தால் மருத்துவர் என்ன செய்வார்? ஃப்ரைட் அந்தக் கடையைத் திறக்கும் வேலையில் இறங்கினார்.

இன்னொரு பக்கம், அமெரிக்கப் பெருநகரங்களின் ஏழைப் பகுதிகளில் இருந்த அரசுப் பள்ளிகள். அங்கே பிள்ளைகள் எழுத்துக்கூட்டக்கூடத் தெரியாமல் மூன்றாம் வகுப்பைத் தாண்டிக்கொண்டிருந்தார்கள். மூன்றாம் வகுப்பு வரை பிள்ளை வாசிக்கக் கற்கிறது. நான்காம் வகுப்பிலிருந்து வாசித்துத்தான் மற்ற எல்லாவற்றையும் கற்க வேண்டும். அந்தப் படியில் வழுக்கிய பிள்ளையைப் பிறகு தூக்கிவிடுவது மிகக் கடினம். ஆசிரியர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. ஒரு பிள்ளை திக்கித் திக்கி ஒரு பத்தியை வாசித்து முடிக்க நாலு நிமிடம் ஆகும் என்றால், முப்பது பிள்ளைகளும் வாசித்துக் கேட்க இரண்டு மணி நேரம் வேண்டும். எந்த ஆசிரியரிடம் தினமும் இரண்டு மணி நேரம் இருக்கிறது?

நேரம் மிகுந்து கிடக்கும் இடத்தையும் நேரம் போதாத இடத்தையும் இணைக்கலாம் என்ற யோசனையை 1988-ல் எழுதி வைத்தவர் ஜான் கார்ட்னர். அதிபர் லிண்டன் ஜான்சனின் அமைச்சரவையில் சுகாதாரம், கல்வி, நலத்துறையைக் கவனித்தவர். அந்த யோசனைக்குச் செயல் வடிவம் கொடுத்தவர்கள் ஃப்ரைடும், சமூகச் செயற்பாட்டாளரான மார்க் ஃப்ரீட்மனும். 'எக்ஸ்பீரியன்ஸ் கோர்' என்ற பெயரில் தொண்ணூறுகளின் நடுவில் ஐந்து நகரங்களில் முன்னோட்டம் நடந்தது. பின்னர் ஃப்ரைட் பணியாற்றிய ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் இருக்கும் பால்டிமோருக்கு அது வந்தது. திட்டத்தை மிக நுணுக்கமாக அளந்து பார்த்த ஊர் அதுதான்.

பெரியவர்களையும் பிள்ளைகளையும் சந்திக்க வைக்கும் திட்டங்கள் உலகெங்கும் ஏராளம். பெரும்பாலானவை ஒரு நாள் விழாவோடு முடிந்துவிடும். பால்டிமோர் திட்டம் நிலைத்து நின்றதற்குக் காரணம் அதன் கட்டுக்கோப்பு. அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கு முதலில் முறையான பயிற்சி. அதன்பின் வாரத்துக்கு 15 மணி நேரம், கல்வியாண்டு முழுவதும் வர வேண்டும். மழலையர் வகுப்பு முதல் மூன்றாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளோடுதான் வேலை. பக்கத்தில் உட்கார்ந்து வாசிப்பதைக் கேட்பது, கணக்கில் தடுமாறும் பிள்ளைக்குக் கைகொடுப்பது, நூலகத்தில் எந்தப் பிள்ளைக்கு எந்தப் புத்தகம் என்று எடுத்துத் தருவது, சண்டை போட்டுக்கொண்ட இரண்டு பேரை உட்காரவைத்துப் பேசுவது என்று ஆளுக்கு ஒரு பொறுப்பு. பள்ளிக்கு ஒருவரை மட்டும் அனுப்புவதில்லை, ஒரு குழுவாகவே போவார்கள். ஒருவருக்கு உடம்பு முடியவில்லை என்றால் மற்றவர் பார்த்துக்கொள்வார். மதிய உணவு நேரத்தில் அவர்களுக்குள் பேச்சுத் துணையும் கிடைத்தது.

அதோடு, கையில் ஒரு சிறு ஊக்கத்தொகையும் கொடுத்தார்கள். இந்த இடத்தில் நம்மில் பலர் முகம் சுளிப்பார்கள். சேவைக்குக் காசா என்று கேட்பார்கள். ஆனால் பால்டிமோரில் வந்தவர்களில் பெரும்பாலோர் குறைந்த வருமானமுள்ள கறுப்பினப் பெண்கள். பேருந்துக் கட்டணமும் மதியச் சாப்பாடும் அவர்களுக்குப் பெரிய செலவு. அந்தத் தொகை இல்லாவிட்டால் வசதி படைத்தவர்கள் மட்டும்தான் சேவை செய்ய வந்திருப்பார்கள். ஏழைப் பிள்ளைகளின் பேட்டையிலேயே வாழ்ந்து, அவர்களுடைய வீட்டு நிலைமை தெரிந்த பாட்டிமார் வெளியே நின்றிருப்பார்கள். ஊக்கத்தொகை சேவையின் தூய்மையைக் கெடுக்கவில்லை. சேவை செய்யும் உரிமையை ஏழைகளுக்கும் கொடுத்தது.

விளைவுகளைப் பார்ப்போம். பால்டிமோரில் முதல் ஆய்வு 128 பெரியவர்களோடு ஆறு பள்ளிகளில் நடந்தது. பெரியவர்கள் இருந்த பள்ளிகளில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் வாசிப்பு மதிப்பெண் கூடியது. சேட்டைக்காகத் தலைமை ஆசிரியர் அறைக்கு அனுப்பப்படும் பிள்ளைகளின் எண்ணிக்கை குறைந்தது. பெரியவர்களின் நடமாட்டம் கூடியது, தொலைக்காட்சி முன் உட்காரும் நேரம் குறைந்தது. அடுத்து 702 பேரைச் சேர்த்து, யார் பள்ளிக்குப் போவது, யார் போகாமல் ஒப்பீட்டுக்கு இருப்பது என்று குலுக்கல் முறையில் பிரித்து இரண்டாண்டு ஆய்வு நடத்தினார்கள். அவர்களில் 111 பேரின் மூளையைப் படமெடுத்துப் பார்த்த முடிவு 2015-ல் வெளியானது. ஆய்வை வழிநடத்தியவர் மிஷெல் கார்ல்சன். வயதாக ஆக மூளை சுருங்குவது இயல்பு. பள்ளிக்குப் போன ஆண்களுக்கோ இரண்டாண்டு முடிவில் மூளையின் கன அளவு 0.7 முதல் 1.6 சதவீதம் வரை கூடியிருந்தது. பெண்களுக்கும் சிறிய அளவில் ஏற்றம் இருந்தது. 111 பேர் என்பது சின்னக் கூட்டம்தான். இதை வைத்து மறதிநோய்க்கு மருந்து கண்டுபிடித்துவிட்டதாகச் சொல்லக் கூடாது. ஆனாலும் மாத்திரை எதுவும் இல்லாமல், இரண்டாம் வகுப்புப் பாடப் புத்தகத்தை வைத்துக்கொண்டு கிடைத்த பலன் இது.

பிள்ளைகள் பக்கக் கணக்கை வாஷிங்டன் பல்கலைக்கழகம் தனியாக எடுத்தது. மூன்று நகரங்களில் எண்ணூறுக்கும் மேற்பட்ட பிள்ளைகளிடம் நடந்த அந்த ஆய்வில், பெரியவர்கள் துணையோடு படித்த பிள்ளைகள் புதுச் சொல்லை எழுத்துக்கூட்டி வாசிப்பதிலும், வாசித்ததைப் புரிந்துகொள்வதிலும் மற்றவர்களைவிட 60 சதவீதத்துக்கும் மேல் கூடுதலாக முன்னேறியிருந்தார்கள்.

இந்தத் திட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்தது, அது பெரியவர்களை அழைத்த விதம். உங்கள் உடம்புக்கு நல்லது, வாருங்கள் என்று அழைக்கவில்லை. இந்தப் பிள்ளைக்கு நீங்கள் வேண்டும் என்று அழைத்தார்கள். நடைப்பயிற்சிக்கும் உடற்பயிற்சிக் கூடத்துக்கும் ஒருநாளும் போகாதவர்கள் பள்ளிக்கு வந்தார்கள். பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தார்கள், மாடிப்படி ஏறினார்கள், முப்பது பெயர்களை நினைவில் வைத்துக்கொண்டார்கள். தனக்காக அசையாத உடம்பு பேரப்பிள்ளைக்காக அசையும் என்பது நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதை ஒரு மருத்துவத் திட்டமாக்கியதில்தான் ஃப்ரைடின் கூர்மை இருக்கிறது.

ஜப்பானில் இதே எண்ணம் வேறு உருவம் எடுத்தது. டோக்கியோ பெருநகர முதுமையியல் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த யோஷினோரி ஃபுஜிவாரா 2004-ல் 'ரெப்ரின்ட்ஸ்' என்ற திட்டத்தைத் தொடங்கினார். டோக்கியோவின் சூவோ, டோக்கியோவை ஒட்டிய கவாசாகி, ஷிகா மாகாணத்தின் நகாஹாமா ஆகிய இடங்களில் பெரியவர்கள் பள்ளிகளுக்கும் மழலையர் பள்ளிகளுக்கும் போய்ப் படக்கதைப் புத்தகங்களை வாசித்துக் காட்டினார்கள். கேட்பதற்கு எளிதாகத் தோன்றும். ஆனால் அதற்கே மூன்று மாதம் பயிற்சி. வாசிப்பது பதினைந்து நிமிடம் என்றால், அதற்கு முன் நூலகத்தில் தேடுவது, அந்த வயதுப் பிள்ளைக்கு ஏற்ற கதையா என்று குழுவில் பேசுவது, வீட்டில் உரக்க வாசித்துப் பழகுவது, முடிந்த பிறகு எங்கே பிள்ளைகள் கவனம் சிதறியது என்று உட்கார்ந்து அலசுவது என்று வாரம் முழுக்க வேலை இருக்கும். பங்கேற்றவர்களை ஆய்வாளர்கள் ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தார்கள். அறிவுச் செயல்பாடுகளைத் தக்கவைத்துக் கொள்வதில் அவர்கள் மற்றவர்களைவிட மேலான நிலையில் இருந்தார்கள்.

அதே டோக்கியோவில், எடோகாவா பகுதியில் கோட்டோயென் என்ற முதியோர் இல்லம் உண்டு. 1976-ல் மழலையர் காப்பகத்தைச் சேர்த்துக்கொண்ட அந்த நிறுவனம், 1987-ல் இரண்டையும் ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்தது. அங்கே சந்திப்புக்கென்று தனி நாள் கிடையாது. தினமும் சந்திப்புத்தான்.

பெரியவர் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும் இந்த முறையை நம் நாட்டில் ஓர் ஊர் தலைகீழாகச் செய்துகாட்டியது. மகாராஷ்டிரத்தின் தாணே மாவட்டத்தில் உள்ள ஃபாங்கணே கிராமம். 2016 மார்ச் 8 அன்று, அரசுப் பள்ளி ஆசிரியர் யோகேந்திர பாங்கர் அங்கே பாட்டிமாருக்கென்று ஒரு பள்ளி தொடங்கினார். இளஞ்சிவப்புச் சேலைதான் சீருடை. தோளில் புத்தகப் பை. அறுபது முதல் தொண்ணூறு வயது வரையிலானவர்கள் பலகையில் எழுதிப் பழகினார்கள். வீட்டுப்பாடத்தில் சந்தேகம் வந்தால் பேரப்பிள்ளைதான் வாத்தியார். சொல்லிக் கொடுக்கும் பிள்ளைக்கும் பாடம் நன்றாக மனத்தில் பதியும்.

தமிழ்நாட்டுக்கு வருவோம். 2011 கணக்கெடுப்பின்படி நம் மக்கள்தொகையில் 60 வயதைக் கடந்தவர்கள் 10.4 சதவீதம். 2021-க்கான மதிப்பீடு 13.6 சதவீதம். பெரிய மாநிலங்களில் கேரளத்துக்கு அடுத்த இடம் நமக்கு. முதியோர் தினமான அக்டோபர் 1 அன்று பிள்ளைகளை முதியோர் இல்லத்துக்கு அழைத்துப்போய்ப் பாட்டுப் பாடி, பழம் கொடுத்துத் திரும்புகிற பள்ளிகள் உண்டு. நல்ல மனத்தோடு செய்வதுதான், அதைக் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் அந்த ஒரு நாளில் பெரியவர் வாங்கிக்கொள்பவராகவும் பிள்ளை கொடுப்பவராகவும் இருந்துவிட்டுப் பிரிகிறார்கள். அந்தப் பெரியவர் முப்பது ஆண்டு தபால் அலுவலகத்தில் கணக்குப் பார்த்தவராக இருக்கலாம், பட்டு நெய்தவராக இருக்கலாம். அவரிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியதை எடுக்காமலே பேருந்து கிளம்பிவிடுகிறது.

ஊரிலிருந்து ஆள் எடுத்து, பயிற்சி கொடுத்து, சிறு தொகை தந்து பிள்ளைகளோடு உட்காரவைப்பது நமக்குப் புதிதும் அல்ல. 2021 அக்டோபரில் தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி' அதைத்தான் செய்தது. தன்னார்வலர்களுக்கு மாதம் 1,000 ரூபாய். ஏறத்தாழ இரண்டு லட்சம் பேர் வந்தார்கள். 2022-ல் வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டமோ பால்டிமோர்க்காரர்களைப் போலவே மூன்றாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளைத்தான் குறிவைத்தது. கட்டமைப்பு இருக்கிறது, தேவையும் இருக்கிறது. ஓய்வுபெற்றவர்களை முறையாகத் தேடி எடுக்கும் வேலைதான் பாக்கி.

சில பாதுகாப்பு ஏற்பாடுகள் கட்டாயம் வேண்டும். வருகிறவரைப் பற்றி விசாரித்து எடுக்க வேண்டும். எந்தப் பெரியவரும் ஒரு பிள்ளையோடு மூடிய அறையில் தனியாக இருக்கக் கூடாது. ஆசிரியருக்கு உதவியாகத்தான் அவர்கள் வர வேண்டும், ஆசிரியர் பணியிடத்தை நிரப்பாமல் விடுவதற்குச் சாக்காக அல்ல. பிள்ளையை அதட்டுவதும் அடிப்பதும் பழங்காலப் பழக்கம் என்று பயிற்சியிலேயே சொல்லிவிட வேண்டும். காது சரியாகக் கேட்காதவருக்கும் மாடி ஏற முடியாதவருக்கும் தரைத்தளத்தில் ஒரு மூலையும் நாற்காலியும் ஒதுக்க வேண்டும்.

உங்கள் ஊர்த் தொடக்கப் பள்ளியில் மேலாண்மைக் குழு ஒன்று இருக்கும். அடுத்த கூட்டத்துக்கு நீங்களே போங்கள். தெருவில் நன்றாக வாசிக்கத் தெரிந்த ஐந்து பெரியவர்களின் பெயரைச் சொல்லுங்கள். வாரத்தில் இரண்டு நாள், நாளுக்கு ஒரு மணி நேரம், ஆளுக்கு இரண்டு பிள்ளைகள் என்று தொடங்கக் கேளுங்கள். பெரியவர்களிடம் போகும்போது, பொழுது போகும் வாருங்கள் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். வாசிக்கத் திணறும் பிள்ளையின் பெயரைச் சொல்லி அழையுங்கள்.