ஈறில் ரத்தம் வந்தால் பிரஷை நிறுத்தாதீர்கள்

சாயங்காலம் பல்லின் அடியோரம் நகத்தால் சுரண்டிப் பாருங்கள். வெளுப்பாக, மாவுபோல ஏதோ ஒட்டும். அது சோறோ களியோ அல்ல. தாமே சுரந்த பசைக்குள் நெருக்கியடித்து வாழும் பாக்டீரியாக் கூட்டம். பற்படலம் என்பது இதைத்தான். எவ்வளவு கொப்பளித்தாலும் போகாது.

1965இல் டென்மார்க்கில் ஹரால்டு லோ என்ற ஆய்வாளரும் அவர் குழுவினரும் ஈறு நன்றாக இருந்த 12 பேரைப் பல் துலக்காமல் இருக்கச் சொன்னார்கள். 10 முதல் 21 நாளுக்குள் எல்லோருக்கும் ஈறு அழற்சி வந்துவிட்டது. திரும்பத் துலக்கியதும் ஒரு வாரத்தில் சரியாயிற்று. பிறகு 1970 தொடங்கி 15 ஆண்டுகள், இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் பல் துலக்கும் வழக்கமே இல்லாத 480 தொழிலாளர்களிடம் அவர் நடத்திய ஆய்வு இன்னும் வியப்பானது. எல்லோர் பல்லிலும் படலம், எல்லோருக்கும் ஈறு அழற்சி. ஆனாலும் சுமார் 8 சதவீதம் பேருக்கு பல்லைத் தாங்கும் திசு வேகமாக அழிந்தது. 11 சதவீதம் பேருக்கு நோய் ஈறைத் தாண்டவே இல்லை. கிருமி வெளியே உட்கார்ந்திருக்க, அதை விரட்ட நம் உடல்தான் ரத்தக் குழாய்களை விரித்து ஈறை வீங்க வைக்கிறது. அந்தப் போர் ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது.

கிருமியைக் கொல்லும் பற்பசை இங்கே என்ன செய்யும்? டிரைக்ளோசான் என்ற பொருள், பாக்டீரியா தன் மேலுறைக்கு வேண்டிய கொழுப்பைச் செய்யவிடாமல் தடுக்கும். துப்பிய பிறகும் அது பல்லில் ஒட்டி நிற்க ஒரு பாலிமரைச் சேர்த்தார்கள். 30 ஆய்வுகளைத் தொகுத்த 2013ஆம் ஆண்டு காக்ரேன் மதிப்பீட்டின்படி, சாதாரண ஃப்ளோரைடு பேஸ்ட்டைவிட இதில் படலமும் ஈறு அழற்சியும் 22 சதவீதம் குறைந்தன. ரத்தக் கசிவு 48 சதவீதம் குறைந்தது. நல்ல உதவிதான், ஆனால் பிரஷின் வேலையை அது செய்யாது. 2016இல் அமெரிக்கா டிரைக்ளோசானைக் கை கழுவும் சோப்புகளிலிருந்து விலக்கியது. 2019இல் கோல்கேட் டோட்டல் அங்கே அதைக் கைவிட்டு ஸ்டேனஸ் ஃப்ளோரைடுக்கு மாறியது. அதில் கிருமியை அடக்குவது வெள்ளீயம். பல்லை உறுதியாக்குவது ஃப்ளோரைடு.

பாரூர், ஓசூர்ப் பக்கம் ஃப்ளோரைடு என்றால் பயம் வருவது நியாயமே. கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் அது மிகுந்திருப்பதால்தான் ஒகேனக்கல் குடிநீர்த் திட்டமே வந்தது. ஆனால் பல்லில் காவிக்கறை விழுவது, பல் வளரும் வயதில் ஃப்ளோரைடு அளவுக்கு மீறி வயிற்றுக்குள் போவதால். பேஸ்ட் பல்லின் மேல் வேலை செய்துவிட்டு வெளியேற வேண்டிய பொருள். மூன்று வயதுக்குள் அரிசியளவு, ஆறு வரை பட்டாணியளவு போதும், துப்பக் கற்றுக்கொடுங்கள். போர்வெல் தண்ணீர் குடிக்கும் வீடுகள் அதைச் சோதித்துக்கொள்வது நல்லது.

ஈறில் ரத்தம் கண்டதும் பலர் அந்த இடத்தை விட்டுவிட்டுத் துலக்குகிறார்கள். படலம் அங்கேதான் தடிக்கும். மென்மையான பிரஷால் ஈறோரத்தை இரண்டு வேளையும் நிதானமாகத் துலக்குங்கள். இரண்டு வாரத்தில் ரத்தம் நிற்கவில்லை என்றால் பல் மருத்துவரைப் பாருங்கள்.