அப்பாவா, மகனா? கடைசியில் கட்டுவது அக்கா

ராசிபுரம் பக்கம் ஒரு அருந்ததியர் காலனி. ஞாயிற்றுக்கிழமை காலையில் நாம் போனபோது ஒரு வீட்டுத் திண்ணையில் அப்பாவுக்கும் மகனுக்கும் வாக்குவாதம். அப்பா சேகோ ஆலையில் மூட்டை தூக்குகிறார். ஆலை ஓடாத மாதங்களில் மரவள்ளிக்கிழங்கு பிடுங்கப் போவார். மகன் திருச்செங்கோடு பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் பொறியியல் மூன்றாம் ஆண்டு. கட்டணம் பாக்கி என்று கல்லூரியில் ஹால் டிக்கெட்டை நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

"பணம் அவன் கணக்குக்குத்தானே வந்துச்சு? எடுத்ததும் அவன்தான். காலேஜுக்கு அவன்தான் பதில் சொல்லணும்" என்கிறார் அப்பா.

"பஸ் ஃபீஸ் நீங்க கட்டறேன்னு சொன்னீங்க இல்லப்பா? கட்டல. பஸ்ல ஏறக்கூடாதுன்னுட்டாங்க. ஸ்காலர்ஷிப் பணத்துல இருந்துதான் கட்டினேன்" என்கிறார் மகன்.

உள்ளே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அக்கா வெளியே வந்து நம்மைப் பார்த்துச் சொன்னார்: "இவங்க ரெண்டு பேரும் யாரு கட்டறதுன்னு பேசிக்கிட்டே இருப்பாங்க சார். செவ்வாக்கெழம ஆனா குழுக்காரங்க வந்துருவாங்க. கட்டறது நான்."

அந்தப் பெண் பிளஸ் டூ முடித்தவர். தம்பிக்கு இடம் கிடைத்த ஆண்டில் நூற்பாலை வேலைக்குப் போனார். முதல் ஆண்டு பேருந்துக்கும் புத்தகத்துக்கும் அம்மா பெயரில் குழுக்கடன் வாங்கினார்கள். வாரத் தவணை அக்காவின் சம்பளத்தில் போகிறது. கல்லூரிச் செலவைப் பெற்றோர் ஏற்பதா, படிக்கும் பிள்ளையே ஏற்பதா என்று பெரிய இடங்களில் விவாதம் நடக்கிறது. நம் தெருக்களில் அந்த விவாதத்துக்கு மூன்றாவதாக ஒரு ஆள் இருக்கிறார். அவரை யாரும் கேட்பதில்லை.

சட்டப்படி பார்த்தால் இந்தத் திண்ணை வாக்குவாதமே நடந்திருக்கக் கூடாது. 2012 செப்டம்பர் 11-ல் தமிழக அரசின் ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நலத்துறை அரசாணை எண் 92-ஐ வெளியிட்டது. வருமான வரம்புக்குள் உள்ள ஆதிதிராவிடர், பழங்குடியினர், கிறிஸ்தவம் தழுவிய ஆதிதிராவிடர் மாணவர்கள் சுயநிதிக் கல்லூரியில் சேர்ந்தாலும், திருப்பித் தரப்படாத கட்டாயக் கட்டணங்களை அரசே ஏற்கும் என்றது அந்த ஆணை. அது சும்மா வந்த சலுகை அல்ல. 1984 முதல் இம்மாநிலத்தில் பொறியியல் படிப்பு தனியார் கைக்குப் போகத் தொடங்கியது. கருப்பூரில் 1966-ல் வந்த அரசு பொறியியல் கல்லூரியில் இடங்கள் கொஞ்சம்தான். சேலத்திலிருந்து நாமக்கல், திருச்செங்கோடு வரை நெடுஞ்சாலை ஓரமெல்லாம் வளர்ந்தவை சுயநிதிக் கல்லூரிகள். இடம் அங்கே இருக்கும்போது உதவித்தொகை அரசுக் கல்லூரி வாசலிலேயே நின்றுவிட்டால் நம் பிள்ளைகளுக்கு என்ன பயன்? அதற்கான பதில்தான் அரசாணை 92.

2009-ல் வந்த 3 சதவீத அருந்ததியர் உள் ஒதுக்கீட்டையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். 2024 ஆகஸ்ட் 1-ல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லும் என்றது. நம் பகுதியில் அன்று பல காலனிகளில் இனிப்பு கொடுத்தார்கள். இடம் உறுதியானது. அந்த இடத்தில் போய் உட்காருவதற்கான செலவுதான் இன்னும் வீட்டுக்குள் சுற்றிக்கொண்டிருக்கிறது.

அரசு கட்டும் என்றால் திண்ணையில் ஏன் சண்டை? பணம் வரும் வழி மாறியதுதான் காரணம். 2017-18 முதல் 2019-20 வரை, நாடு முழுவதற்கும் சேர்த்தே, இந்த உதவித்தொகைக்கு மத்திய அரசு தந்தது ஆண்டுக்குச் சுமார் 1,100 கோடி ரூபாய். மீதிச் சுமை மாநிலங்கள் தலையில். எதிர்ப்பு கிளம்பிய பிறகு 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை முறையை மாற்றியது. மத்திய அரசு 60 சதவீதம், மாநிலம் 40 சதவீதம். ஐந்து ஆண்டுகளுக்கு மொத்தம் 59,048 கோடி. தொகை கூடியதை வரவேற்கத்தான் வேண்டும். ஆனால் கூடவே இன்னொரு மாற்றமும் வந்தது. மத்திய அரசின் பங்கு இனி கல்லூரிக்குப் போகாது, மாணவரின் வங்கிக் கணக்குக்கு நேராக வரும். மாநிலம் தன் பங்கை முதலில் விடுவித்த பிறகே மத்தியப் பங்கு நகரும். வந்ததும் மாணவர் அதைக் கல்லூரியில் கட்டிவிட வேண்டும்.

முறைகேட்டைத் தடுக்கத்தான் இந்த ஏற்பாடு என்கிறார்கள். இல்லாத மாணவர் பெயரில் பணம் எடுத்த கல்லூரிகள் நாட்டில் உண்டு, அதை மறுக்க முடியாது. ஆனால் இதன் விளைவு வேறு மாதிரி ஆகிவிட்டது. நேற்று வரை அரசுக்கும் கல்லூரிக்கும் இடையில் இருந்த பாக்கி, இன்று மாணவருக்கும் கல்லூரிக்கும் இடையிலான பாக்கி. அரசு தாமதித்தாலும் கடன்காரன் மாணவன்தான். பணம் வருகிற நாளில் வீட்டில் யாருக்காவது ஆஸ்பத்திரிச் செலவு இருக்கும், அல்லது பேருந்துக் கட்டணம் நிற்கும். மாதக்கணக்கில் காலியாகக் கிடந்த கணக்கில் திடீரென 30,000 ரூபாய் விழுந்தால், வாரக்கடனில் ஓடும் வீட்டில் அது எத்தனை நாள் தங்கும்? அந்தத் தம்பி செய்தது சரி என்று நாம் சொல்லவில்லை. பேருந்து இல்லாமல் கல்லூரிக்கே போக முடியாது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

பேருந்துக் கட்டணத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. 2017-ல் கட்டண நிர்ணயக் குழு கலந்தாய்வு இடங்களுக்கு ஆண்டுக்கு 50,000 ரூபாய் என்றும், தரச்சான்று பெற்ற பாடப்பிரிவுக்கு 55,000 என்றும் நிர்ணயித்தது. அரசு பேசுவது அந்தத் தொகையைப் பற்றித்தான். பேருந்து, விடுதி, சீருடை, வேலைவாய்ப்புப் பயிற்சி என்று கல்லூரிகள் தனித்தனி ரசீதில் வாங்குவது அதில் சேராது. காலனிகளில் குழுக்கடன் எதற்கு என்று கேட்டால், பெரும்பாலும் இந்த ரசீதுகளைத்தான் எடுத்துக் காட்டுகிறார்கள். பராமரிப்புப் படி என்று ஒன்று இருக்கிறது. பி.ஏ., பி.எஸ்சி. படித்துக்கொண்டு வீட்டிலிருந்து போய்வருபவருக்கு 2021 விதிமுறைப்படி ஆண்டுக்கு 3,000 ரூபாய். மாதத்துக்கு 250. அண்டகளூர்கேட் கல்லூரி வாசலில் ஒரு வேளைச் சாப்பாடு என்ன விலை என்று இந்தத் தொகையை எழுதியவர்கள் ஒருமுறை வந்து பார்க்கலாம்.

வருமான வரம்பும் அப்படித்தான். பெற்றோரின் ஆண்டு வருமானம் 2.5 லட்சத்தைத் தாண்டக் கூடாது. அப்பாவும் அம்மாவும் ஆளுக்கு 500 ரூபாய் கூலிக்கு மாதம் 21 நாள் வேலைக்குப் போனாலே ஆண்டுக்கு 2.52 லட்சம் ஆகிவிடும். பொருளாதாரத்தில் நலிந்த முற்பட்ட வகுப்பினர் என்று 2019-ல் இட ஒதுக்கீடு கொண்டுவந்தபோது வறுமைக்கு வைத்த எல்லை 8 லட்சம். ஒரே நாட்டில் ஏழைக்கு இரண்டு அளவுகோல்.

இனி 'யார் கட்டுவது' என்ற கேள்விக்கு வருவோம். படிப்பால் பலன் பெறுபவன் மாணவன், எனவே அவனே கட்டட்டும், இப்போது முடியாவிட்டால் கடன் வாங்கிப் பிறகு கட்டட்டும் என்ற வாதம் புதிதல்ல. 2000-ல் முகேஷ் அம்பானியும் குமார மங்கலம் பிர்லாவும் பிரதமரின் குழுவுக்கு அளித்த அறிக்கை இதைத்தான் பரிந்துரைத்தது. இங்கிலாந்தில் 1998-ல் 1,000 பவுனில் தொடங்கிய கல்விக் கட்டணம் 2012-ல் 9,000 பவுன் வரை போனது. ஆனால் அங்கே படித்தவரின் சம்பளம் ஒரு வரம்பைத் தாண்டினால்தான் பிடித்தம். வேலை இல்லையென்றால் தவணையும் இல்லை. நம் வங்கிக் கல்விக் கடனில் படிப்பு முடிந்து ஓராண்டு கழிந்தால் தவணை தொடங்கிவிடும், வேலை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும். பத்திரத்தில் மாணவர் கையெழுத்துக்குப் பக்கத்திலேயே அப்பாவும் கையெழுத்துப் போட வேண்டும். பெற்றோரா, பிள்ளையா என்ற கேள்விக்கு வங்கி எப்போதோ பதில் எழுதி வைத்திருக்கிறது: இருவரும்.

இந்தக் கேள்வி முழுவதையும் அண்ணல் அம்பேத்கரின் வாழ்க்கையிலேயே பார்க்கலாம். பள்ளி நாட்களில் அவருக்குப் புத்தகம் வாங்க அவர் தந்தை ராம்ஜி சக்பால் என்ன செய்தார்? கையில் பணம் இல்லாதபோது, கட்டிக்கொடுத்த மகள்கள் வீட்டுக்குப் போய் நகையை வாங்கி அடகு வைத்தார். பென்ஷன் வந்ததும் மீட்டுக் கொடுத்தார். அம்பேத்கரே எழுதி வைத்திருக்கும் செய்தி இது. பெற்றோர் கட்டினார் என்று நாம் சொல்லிக்கொள்வது அங்கேயும் அக்காவின் நகைதான். ராசிபுரம் பக்கத்துத் திண்ணை நமக்கு நினைவுக்கு வருகிறது. ஒரு வித்தியாசம், ராம்ஜி மீட்டுக் கொடுத்தார்.

பிறகு 1913-ல் பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் உதவியில் கொலம்பியா பல்கலைக்கழகம். மாதம் 11.5 பவுன், மூன்று ஆண்டுகளுக்கு. பதிலுக்குப் பத்து ஆண்டுகள் பரோடா அரசில் வேலை செய்ய வேண்டும் என்பது ஒப்பந்தம். அதாவது மாணவரே உழைத்துக் கழிக்கும் கடன். 1917-ல் அந்தக் கடனைக் கழிக்கத்தான் பரோடாவுக்குப் போனார். நடந்தது நமக்குத் தெரியும். தங்க ஒரு அறை கிடைக்கவில்லை. பார்சி விடுதியிலிருந்து தடியோடு வந்து விரட்டினார்கள். கொலம்பியாவில் படித்து வந்தவராலேயே வேலையில் நிலைத்து ஒப்பந்தத்தைக் கழிக்க முடியவில்லை. படித்து முடித்து சம்பாதித்துக் கட்டு என்பவர்கள், படித்தவுடன் எல்லோருக்கும் ஒரே மாதிரி வேலையும் வீடும் கிடைக்கும் என்று நினைத்துக்கொண்டு பேசுகிறார்கள்.

அம்பேத்கர் வைஸ்ராய் நிர்வாகக் குழு உறுப்பினராக இருந்தபோது, 1942-ல் பட்டியலின மாணவர்களின் உயர்கல்விக்கு அரசு பணம் ஒதுக்க வேண்டும் என்று கோரிக்கை மனு கொடுத்தார். பள்ளிக்கு மேற்பட்ட படிப்புக்கான உதவித்தொகைத் திட்டம் 1944-ல் தொடங்கியது. அடகும் ஒப்பந்தமும் இரண்டையும் அனுபவித்தவர் கேட்டு வாங்கியது கடன் அல்ல, உதவித்தொகை. எண்பது ஆண்டுகள் கழித்து அதே திட்டத்தின் பணம் தாமதமாக வருவதால் அடகும் ஒப்பந்தமும் நம் வீடுகளுக்குத் திரும்பி வந்திருக்கின்றன.

தாமதம் என்பது சின்ன விஷயம் அல்ல. 2024 ஜூன் 24-ல் உத்தரப் பிரதேசத்தின் முசாபர்நகர் மாவட்டத்துத் தலித் மாணவர் ஒருவர் ஐஐடி தன்பாத்தில் கிடைத்த இடத்துக்கு 17,500 ரூபாய் கட்ட வேண்டியிருந்தது. கூலித் தொழிலாளியான தந்தை ஊரில் திரட்டிப் பணத்தைச் சேர்த்தபோது மாலை ஐந்து மணி நெருங்கிவிட்டது. இணையதளம் மூடிக்கொண்டது, இடம் போனது. அந்த ஆண்டு நுழைவுத்தேர்வை நடத்தியது சென்னை ஐஐடி என்பதால் சென்னை உயர் நீதிமன்றம் வரை வந்தார். கடைசியில் செப்டம்பர் 30-ல் உச்ச நீதிமன்றம் தன் சிறப்பு அதிகாரத்தைப் பயன்படுத்தி இடம் கொடுக்கச் சொன்னது. அவர் வென்றார். 17,500 ரூபாய்க்காக உச்ச நீதிமன்றம் வரை போக எத்தனை வீடுகளால் முடியும்?

இங்கே என்ன செய்யலாம்? 2021 விதிமுறையிலேயே ஃப்ரீஷிப் அட்டை என்று ஒன்று இருக்கிறது. தகுதியுள்ள மாணவர் கட்டணத்தை முன்கூட்டிக் கட்டாமல் சேர அது வழி செய்கிறது. சேர்க்கை நாளிலேயே அது கையில் இருந்தால் முதல் கடன் பிறக்காது. சான்றிதழைப் பிடித்து வைக்கக் கூடாது என்று 2018 அக்டோபரில் யுஜிசி அறிவித்திருக்கிறது. கல்லூரி அலுவலகத்தில் கேட்கும்போது இதைச் சொல்லுங்கள், எழுத்தில் பதில் கேளுங்கள். கல்விக் கட்டணப் பங்கு மாணவர் கணக்குக்கு வருவதா, கல்லூரிக்கே போவதா என்பதை அரசுகள் மறுபடி யோசிக்க வேண்டும். அது வரை, உதவித்தொகை எந்தத் தேதிக்குள் வரும் என்பதையாவது செமஸ்டர் தொடங்கும் முன் மாவட்ட நல அலுவலகம் கல்லூரிகளுக்கு எழுத்தில் தரலாம். அந்தத் தேதி வரை ஹால் டிக்கெட்டை நிறுத்தக் கூடாது என்று ஆட்சியர்கள் சொல்லலாம். இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை.

நம்மவர்களிடமும் ஒரு வார்த்தை. அரசு கட்ட வேண்டிய கல்விக் கட்டணத்துக்காகக் குழுக்கடன் வாங்காதீர்கள். விசைத்தறித் தொழிலாளர்கள் கடன் நெருக்கடியில் சிறுநீரகம் விற்ற செய்தி 2025-ல் வந்தது நம் பள்ளிபாளையத்திலிருந்துதான். நெருக்கடி வந்தால் முதலில் ஆதிதிராவிடர் நல அலுவலகத்தில் மனு. கடன் அதற்குப் பிறகு.

மகளுக்கும் கணக்கு இருக்கிறது. அரசுப் பள்ளியில் படித்த பெண் கல்லூரிக்குப் போனால் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது. அந்த அக்கா பிளஸ் டூ முடித்தது அதற்கு முன்னால். ஒரு ஆண்டு முந்தி.

நாம் கிளம்பும்போது மகன் ஹால் டிக்கெட் விஷயமாகத் திங்கட்கிழமை மனு கொடுக்கப் போவதாகச் சொன்னார். அப்பா உடன் வருவதாக ஒப்புக்கொண்டார். ஒரு நாள் கூலி போகும், பரவாயில்லை என்றார். அக்கா வாசல் வரை வந்து கேட்டார்: "பெரியார் யுனிவர்சிட்டில தபால்ல பி.காம். படிக்க எவ்வளவு ஆகும் சார்?"

நாம் பதில் சொல்வதற்குள் உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது: "மொதல்ல இந்தத் தவணை முடியட்டும் கண்ணு."