துள்ளும் மீனுக்கு எந்த மண்?

சித்த வைத்தியருக்கு மீன் தொட்டியில் என்ன வேலை என்று நினைக்கிறீர்களா? வேலை வந்து சேர்ந்தது!

பள்ளிக்கூடப் பையன் ஒருவனை அவன் அப்பா அழைத்து வந்தார். வலது கை நடுவிரலில் சிவந்த கட்டி. வலியில்லை, காய்ச்சலில்லை. மரு என்று நினைத்து மேல்பூச்சு கொடுத்தனுப்பினேன். மூன்று வாரத்தில் முன்கையில் இன்னும் இரண்டு கட்டி! அப்புறம்தான், "தம்பி, கையை எதுலப்பா விடுறே?" என்று கேட்டேன். "மீன் தொட்டியில ஐயா." முதல் நாளே கேட்டிருக்க வேண்டும், தப்பு என்னுடையதுதான். உடனே தோல் மருத்துவரிடம் அனுப்பினேன். காசநோய்க் கிருமிக்கு உறவான மைகோபாக்டீரியம் மரீனம். மீன் தொட்டித் தண்ணீரில் இருக்கக்கூடியது. தோலில் கீறல் இருந்தால் உள்ளே நுழைந்துவிடும். மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிட்டுத்தான் குணமானான்.

தொட்டியையும் போய்ப் பார்த்தேன். உள்ளே மட்ஸ்கிப்பர். பிச்சாவரம், முத்துப்பேட்டை அலையாத்திக் காடுகளில் சேற்றின் மேல் துள்ளித் திரியுமே, அந்த வகை மீன். அடியில் அவன் பரப்பியிருந்ததோ கூர்கூரான கருங்கல் ஜல்லி! விரலைக் கீறியது அதுதான். மீனின் வயிற்றையும் கீறியிருந்தது.

இந்த மீனுக்குத் தோல் வெறும் போர்வை இல்லை. கரையேறியதும் ஈரமான தோலாலும் வாயின் உட்சவ்வாலும் மூச்சு விடுகிறது. தோல் காயக்கூடாது என்றுதான் ஈரச் சேற்றில் புரள்கிறது.

அப்படியானால் கழிமுகச் சேற்றையே அள்ளிப் போடலாமே என்பீர்கள். கூடாது. காட்டில் ஏற்றவற்றம் சேற்றை அலசுகிறது, நண்டு வளைகள் வழியே காற்று இறங்குகிறது. கண்ணாடித் தொட்டியில் அதெல்லாம் ஏது? கனமாகப் போட்ட சேறு அடியில் கறுத்து, அழுகிய முட்டை போல நாறும். அந்த ஹைட்ரஜன் சல்பைடு வாயு தண்ணீரில் கலந்தால் மீன் பிழைக்காது. தவிர, அவை காப்புக் காடுகள். அங்கே கை வைக்கக்கூடாது.

பொடி ஆற்று மணலே போதும். சலித்து, மருந்துச் சரக்கைச் சுத்தி செய்கிற பொறுமையோடு, தெளிந்த நீர் வரும்வரை அலசுங்கள். தண்ணீருக்கடியில் ஒன்றிலிருந்து ஒன்றரை அங்குலம். ஒரு பக்கம் சரிவாக மேடேற்றி, சரியாமலிருக்க வழவழப்பான கூழாங்கல் அடுக்குங்கள். கொஞ்சம் கிளிஞ்சல் தூள் கலந்தால் தண்ணீரில் புளிப்பு ஏறாது. கடையில் சுலபமாகக் கிடைக்கிறதே என்று எம்-சாண்ட் வேண்டாம். அது உடைத்த கல், கூர் இருக்கும். உரம் போட்ட பூந்தொட்டி மண்ணும் ஆகாது.

சுத்தமான கடல்நீர் ஒரு பங்கு, நல்ல தண்ணீர் இரண்டு பங்கு. சமையல் உப்பைக் கரைத்து ஊற்றாதீர்கள். ஈரக்காற்று தங்கவும், மீன் ஏறி ஓடாமலிருக்கவும் மூடி அவசியம்.

கையில் கீறல் இருக்கும்போது கையுறை இல்லாமல் தொட்டியைத் தொடாதீர்கள். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். விரலில் கட்டி வந்து இரண்டு வாரத்துக்கு மேல் ஆறவில்லையா? எந்த டாக்டரிடம் போனாலும், "வீட்டுல மீன் தொட்டி இருக்குங்க" என்பதை முதலில் சொல்லிவிடுங்கள். சில பேர் என்னைப் போலக் கேட்க மறந்துவிடுவார்கள்.