வராத பறவைக்கு வரவு எழுதலாமா?

இரயில்வே சரக்குக் காரியாலயத்தில் குமாஸ்தாவாகக் காலந் தள்ளும் ஒருவன் பறவைகளைப் பற்றி எழுதப் புகுந்தது ஏன் என்று நம் சங்க அன்பர்கள் வியக்கக்கூடும். நான் மெட்ரிகுலேஷனுக்கு மேல் படித்தவனல்லன். எனினும் எண்ணத் தெரியும், எண்ணியதை எழுதத் தெரியும். ஒரு பெரிய விஞ்ஞானப் பணியில் பங்கு கொள்வதற்கு இவ்விரண்டு மூலதனமுமே போதும் என்பதை அனுபவத்தில் அறிந்தேன்.

ஆண்டுதோறும் பிப்ரவரி மாதத்தில் நான்கு நாட்கள், உலகெங்கும் பொதுமக்கள் தத்தம் வீட்டருகே உள்ள பறவைகளை எண்ணுகிறார்கள். 1998-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் தொடங்கிய இவ்வழக்கத்தில் நம் நாட்டினர் 2013 முதல் கலந்து வருகின்றனர். விதிகள் மிக எளியவை. ஓரிடத்தைத் தேர்ந்து, குறைந்தது 15 நிமிஷமாவது கவனிக்க வேண்டும். கண்ணால் கண்டதையும், குரலால் இன்னதென்று நிச்சயமாய் அறிந்ததையும் இனவாரியாக எண்ணி, 'ஈ-பேர்டு' என்னும் கணக்கில் கைப்பேசி மூலமாகச் சேர்க்க வேண்டும். காசு செலவு ஒன்றுமில்லை.

மும்பையில் நாங்கள் வசிக்கும் இரயில்வே குடியிருப்பின் மொட்டைமாடியில், ஐந்தாண்டுகளுக்கு முன் நானும் என் மகளும் முதன்முதலாக இப்பணிக்கு அமர்ந்தோம். காகம், பச்சைக்கிளி, நாகணவாய், பருந்து, குயில் என்று ஜாபிதா வளர்ந்தது. அதற்குமேல் ஒன்றும் தென்படவில்லை. இத்தனை சிறிய பட்டியலை அனுப்புவதா என்று எனக்கு ஒரு சபலம். முந்தின வாரம் வேப்பமரத்தில் கண்ட மரங்கொத்தியையும் சேர்த்தேன். எண்ணாத காகங்களுக்கு 100 என்று போட்டேன்.

மகள் எட்டிப் பார்த்தாள். "மரங்கொத்தி இன்று வரவில்லையே, அப்பா?"

"போன வாரம் பார்த்தோமே, அம்மா! இங்கே இருக்கிற பறவைதானே?"

"போன வாரம் வந்த வேகனை இன்று வந்ததாக உங்கள் ஆபீசில் எழுதுவீர்களா?"

அதற்குப் பதில் சொல்ல என்னிடம் வார்த்தையில்லை. அவ்வாறு எழுதும் குமாஸ்தாவுக்கு என்ன நேரும் என்பதை நான் நன்கறிவேன். மரங்கொத்தியை அடித்தேன். காகங்களை எண்ணினோம், 31 இருந்தன.

இச்சிறு விஷயத்தை நான் பெரிதாகக் கூறுவதற்குக் காரணம் உண்டு. பட்டியலை அனுப்பும்போது, 'கண்டறிந்த எல்லா இனங்களையும் எழுதினீரா?' என்று ஒரு கேள்வி வரும். ஆம் என்று சொல்லிவிட்டால், நாம் எழுதாத பறவை அந்நேரத்தில் நம் பார்வைக்கு அகப்படவில்லை என்றே ஆராய்ச்சியாளர் கொள்வர். ஆகவே எழுதியது போலவே எழுதாமல் விட்டதும் ஒரு செய்தியாகிறது. இத்தகைய பட்டியல்கள் ஆயிரக்கணக்கில் சேரும்போது, எந்தப் பறவை பெருகுகிறது, எது அருகுகிறது என்பது புலப்படும்.

2023-இல் வெளியான 'இந்தியப் பறவைகளின் நிலை' என்னும் அறிக்கை இவ்வாறு உருவானதே. சுமார் 30,000 பேர் அளித்த 3 கோடிக்கு மேற்பட்ட குறிப்புகளைக் கொண்டு 942 இனங்களை ஆராய்ந்தனர். நெடுங்காலப் போக்கை நிர்ணயிக்க முடிந்த 338 இனங்களில் 204 இனங்கள் குறைந்துவிட்டன. மயிலும் குயிலும் பெருகியுள்ளன. 178 இனங்களுக்கு உடனடிப் பாதுகாப்பு தேவை என்று அறிக்கை கூறுகிறது. பொய்யான வரவுகள் புகுந்திருந்தால் இக்குறைவு கண்ணுக்கு மறைந்தே போயிருக்கும்.

எங்கள் குடியிருப்பிலேயே அதைக் கண்டேன். முதலாண்டில் 23 சிட்டுக்குருவிகளை எண்ணினோம். ஓட்டுக்கூரை வீடுகள் இடிக்கப்பட்டு அடுக்குமாடி எழுந்தபின் 9 ஆயின. சென்ற பிப்ரவரியில் 4 மட்டுமே. குருவி குறைந்ததாக நான் வாயால் சொன்னபோது அண்டை வீட்டார் சிரித்தார்கள். ஐந்தாண்டுக் கணக்கை விரித்துக் காட்டியதும் ஒருவரும் சிரிக்கவில்லை. கூடு கட்ட ஓட்டிடுக்கு இல்லாமற் போனதே காரணமாயிருக்கலாம் என்று எண்ணி, மரப்பெட்டிகள் ஆறு மாட்டியிருக்கிறோம். எஞ்சியிருக்கும் வேலிப்புதரை வெட்டுவதில்லை என்றும் தீர்மானித்தோம். குருவிகள் திரும்புமா என்பதை இனிவரும் கணக்குகளே சொல்ல வேண்டும்.

பிப்ரவரி வரை காத்திருக்க வேண்டும் என்பதில்லை. ஆண்டு முழுவதும் எண்ணலாம். 1987 முதல் ஜனவரி தோறும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடைபெறுகிறது. பொங்கலுக்கு ஊர் செல்வோர், அந்நாட்களில் தமிழ்நாட்டில் நடக்கும் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பில் குழந்தைகளுடன் சேரலாம். தாணே கழிமுகத்துக்கு வலசை வரும் பூநாரைகளைப் போல நாமும் பிழைப்பை நாடி இங்கு வந்தவர்களே. வந்த இடத்தின் மரமும் பறவையும் நமக்கு அந்நியமல்ல.

வீட்டிலுள்ள பாட்டிமார்களை உடன் அமர்த்திக்கொள்ளுங்கள். தவிட்டுக்குருவி, மடையான், வாலாட்டி என்னும் பெயர்களெல்லாம் எங்கள் பக்கத்து வீட்டுப் பாட்டியிடமிருந்தே என் மகளுக்குக் கிடைத்தன. ஐயமுள்ள பறவையை ஐயம் என்றே விட்டுவிடுங்கள். பட்டியல் சிறியதாயிருப்பினும் குறையில்லை, உண்மையாயிருந்தால் போதும்.